ஏரிக்கரைக்கு வராதவர்கள்

விழுப்புரத்தில் என் கல்லூரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கேமிங் சென்டர் இருக்கிறது. நம்ம பசங்க ஆடத்தான் லாயக்கு, ஒரு கேம் பண்ணச் சொன்னால் முழிப்பார்கள் என்று அதை நடத்தும் அண்ணன் எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். ஒருநாள் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோட்டை, படை என்று நாங்கள் ஆடும் விளையாட்டுக்குள்ளேயே ஆட்டத்தை நாமே அமைக்கும் எடிட்டர் இருக்கிறது, நம் கதையை வைத்துப் புது ஆட்டமாக ஒரு கேம்பெயின் செய்யலாம், செய்து காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காக ஓடினால் எல்லா மெஷினிலும் ஏற்றுகிறேன், ஓடாவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார் அவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

வீட்டில் லேப்டாப்பில் எடிட்டரைத் திறந்தால் வெறும் பச்சைத் தரை. வேறு எந்த இடம் எனக்குத் தெரியும்? ஒலக்கூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரையே வைத்தேன். நடுவில் கோயில், சுற்றித் தெருக்கள், கிழக்கே ஏரி, நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளைத் தாண்டித் தள்ளி எங்கள் காலனி. திருவக்கரைப் பக்கமிருந்து ஒரு படை ஏரிக்கரையை உடைக்க வருகிறது. தண்டோரா போட்டதும் சனங்கள் அத்தனை பேரும் உயிரோடு கரைக்கு வந்து சேர்ந்தால் வெற்றி. மௌஸால் ஊர் எல்லைக்கு ஒரு கட்டம் இழுத்து, அதற்குள் இருப்பவர்கள் தண்டோரா கேட்டதும் ஓட வேண்டும் என்று கட்டளை கொடுத்தேன்.

ஓடினார்கள். படையும் வந்தது, அடித்து விரட்டினேன். கரை நிறையக் கூட்டம் நின்றது. வெற்றி மட்டும் வரவில்லை. சனியன்! கட்டளைகளை அழித்து அழித்து எழுதினேன். சனிக்கிழமை மதியமும் அதே கதை. திண்டிவனத்தில் நர்ஸாக இருக்கும் என் அக்கா, சோறு தண்ணி இல்லாமல் இப்படியா என்று திட்டிக்கொண்டே தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இதில் நம் வீடு எங்கே என்று கேட்டாள். மேப்பை நகர்த்திக் காட்டினேன். எங்கள் காலனி சனங்கள் அத்தனை பேரும் அவரவர் வாசலில் அப்படியே நின்றார்கள்.

"இவங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றாள் அக்கா.

சொல்லவில்லை. நான் இழுத்த கட்டம் கோயில் தெருவோடு முடிந்திருந்தது. இழுத்தது வேறு யாருமில்லை, அந்தக் காலனியிலேயே பிறந்து வளர்ந்த நான். எல்லை என்றதும் கை தானாக அங்கே நின்றிருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கட்டத்தின் மூலையைப் பிடித்து, கொல்லைகளைத் தாண்டி, எங்கள் கடைசி வீட்டையும் தாண்டி இழுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். தண்டோரா கேட்டதும் எங்கள் சனங்கள் கிளம்பினார்கள். திரையில் வெற்றி என்று வந்தபோது நான் போட்ட கூச்சலில் அக்காவின் தட்டு கவிழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சென்டர் அண்ணனே ஆட உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரே கூட்டம். கோயில் தெருக்காரர்கள் சீக்கிரம் கரைக்கு வந்துவிட்டார்கள். காலனி சனங்கள் தூரத்திலிருந்து வருவதற்குள் படை குறுக்கே புகுந்தது. தோற்றார். திரும்ப ஆடினார், திரும்பவும் தோற்றார்.

"பேஜாரா இருக்குதும்மா. இவங்கள வுட்டுட்டு ஜெயிக்க வழியே இல்லியா?"

"இல்லண்ணா. அவங்க வந்தாத்தான் நீங்க ஜெயிப்பீங்க."

அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அடுத்த ஆட்டத்தில் குதிரைப்படை முழுவதையும் கரையிலிருந்து கிளப்பிக்கொண்டுபோய் எங்கள் காலனிப் பாதையில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் குதிரைகள் காவல் நிற்க, எங்கள் சனங்கள் நடுவில் ஓடி வந்தார்கள். வெற்றி வந்ததும் சென்டரே விசிலடித்தது. அண்ணன் எழுந்துபோய் அடுத்த மெஷினில் அதை ஏற்ற ஆரம்பித்தார்.