வண்டிக்குள் இருந்த உறுப்பினர்

"மிஸ்டர் பிரௌட்டி, உள்ள வர்றீங்களா? மோரீன் கூப்பிடறாங்க."

அவர் வண்டியின் கண்ணாடியை ஒரு சாண் இறக்கினார். உள்ளிருந்து ஹீட்டரின் வெப்பம் என் முகத்தில் அடித்தது.

"எதுக்கு?"

"வாக்கெடுப்பு நடத்தணுமாம்."

"நான் வந்தா நடத்துவாங்க. வரலன்னா?"

"நடத்த முடியாது."

"ஏன் முடியாது?"

"கோரம் இல்லாததால."

"கோரம்னா என்ன?"

"ஒரு அவை முடிவெடுக்கணும்னா குறைஞ்சது எத்தனை பேர் இருக்கணுமோ, அது."

"இருக்கணுமோ இல்ல, மிஸ் செல்வராஜ். கூடியிருக்கணுமோ. பத்தாம் கிளாஸ்லயே இதுக்கு உனக்கு அரை மார்க் குறைச்சேன். இன்னும் திருந்தல."

"சரிங்க. உள்ள நடீன் அழுதுடுவாங்க போல இருக்கு."

"அது பாடத்துல இல்ல," என்றார். கண்ணாடி மேலே ஏறியது.

நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள எங்கள் சிற்றூரை ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று நிர்வகிக்கிறது. அதன் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுவது என் வேலை. எல்வுட் பிரௌட்டி அந்த ஐவரில் ஒருவர். அதற்கு முன்பு வாழ்நாளில் பெரும்பகுதியை அவர் உயர்நிலைப் பள்ளியில் குடிமையியல் நடத்துவதில் கழித்தார். நடத்தினார் என்பது பெரிய வார்த்தை. சொற்களுக்கு விளக்கம் சொல்லிக்கொடுத்தார். கூட்டாட்சி, அதிகாரப் பிரிவினை, வீட்டோ, கோரம். வெள்ளிக்கிழமை தோறும் தேர்வு. விளக்கத்தில் ஒரு சொல் இடம் மாறினாலும் மதிப்பெண் குறையும். ஊரில் பனி அள்ளுபவர், குழாய் சரிசெய்பவர், பல் மருத்துவர் என எல்லோரும் அவரிடம் படித்தவர்கள்தான். வீட்டோ என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவரிடம் படித்த ஒருவர்கூட ஊர்ப் பொறுப்பு எதற்கும் மனமுவந்து வந்ததில்லை. தன் பாடத்தின் விளைச்சல் இதுதான் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவருடைய மனைவி பல ஆண்டுகளுக்கு முன் கொலராடோவுக்குப் போய்விட்டார். "ஒன்றியத்திலிருந்து தன்னிச்சையாகப் பிரிந்துபோகும் உரிமை யாருக்கும் கிடையாது" என்று இவர் தொலைபேசியில் அந்த அம்மாவிடம் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

ஓய்வு பெற்றபின் அவர் குழுவுக்குப் போட்டியிட்டார். போட்டியிட்டார் என்பதும் பெரிய வார்த்தைதான், எதிர்த்து யாருமே நிற்கவில்லை. தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் அவரைக்காய் விருந்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூட அன்று வாக்களிக்க வரவில்லை. வந்தவர்களும் தாளில் வேறு பெயர் இல்லாததால் அவர் பெயரில் குறியிட்டார்கள். இதற்கு அவர் வைத்த பெயர் "மக்கள் அளித்த ஆணை". அடுத்த மாதமே குழுத் தலைவர் பதவிக்கு நின்றார். மோரீன் லாஃபவுண்டனிடம் தோற்றார். மோரீன் அவரிடம் படித்தபோது வீட்டோவில் தவறியவர். பிரௌட்டியால் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஜூலை வெள்ளம் எங்கள் பாலத்தின் ஒரு காலைப் பிடுங்கிக்கொண்டு போனது. பாலத்துக்கு அக்கரையில் நடீன் கொரோவின் சிற்றுண்டிக் கடை இருக்கிறது. மரம் ஏற்றிச் செல்லும் லாரிக்காரர்கள் விடியலில் அங்கேதான் முட்டையும் பன்றி இறைச்சியும் சாப்பிடுவார்கள். பாலம் மூடப்பட்டதும் அவர்கள் பக்கத்து ஊர் வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்கள், அங்கேயே சாப்பிட்டுக்கொண்டார்கள். நடீன் சமையற்காரரை அனுப்பிவிட்டுத் தானே அடுப்பில் நின்றார். பாலத்தைக் கட்டும் செலவில் பெரும்பங்கை ஏற்பதாக மாநில அரசு சொன்னது. ஜனவரி முடிவதற்குள் எங்கள் குழு வாக்களித்து ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

"பாலம் வரலன்னா, பனி உருகினதும் கடைய மூடிடுவேன். மிரட்டறேன்னு நினைக்காதீங்க. முடியல, அவ்வளவுதான்" என்று நடீன் எல்லாக் கூட்டத்திலும் எழுந்து சொன்னார்.

பிரௌட்டிக்கு இதில் கொள்கை இருந்தது. "மாநிலம் பணம் குடுத்தா கூடவே கட்டளையும் குடுக்கும். உள்ளாட்சி சுதந்திரத்தை ஒரு பாலத்துக்கு விக்கக் கூடாது." அவருடைய ஓய்வூதியம் மாநிலத்திலிருந்து வருகிறது. அவர் வீட்டு வாசல் வழியாகப் போகும் சாலையை மாநிலம்தான் போட்டது. அந்தக் கட்டளைகளையெல்லாம் அவருடைய சுதந்திரம் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தது.

அவர் வாக்கெடுப்பில் நேராகத் தோற்றிருந்தால் ஒரே இரவில் முடிந்திருக்கும். ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் குழுவில் ஒருவர் இறந்துபோனார், இன்னொருவர் ஊரைவிட்டுப் போனார். மிஞ்சியது மோரீன், பால்பண்ணை ரோஜர் கிட்டல், பிரௌட்டி. ஐவர் குழுவில் மூவர் இருந்தால்தான் கோரம். காலி இடங்களை நிரப்பலாமே என்றால், நிரப்புவதற்கும் வாக்கெடுப்பு வேண்டும், அதற்கும் மூவர் வேண்டும். பாலத்தைப் பற்றிய பேச்சு வந்ததும் பிரௌட்டி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துவிடுவார். காலி இடங்களைப் பற்றிப் பேசினாலும் அப்படியே. வீட்டுக்குப் போகமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, அவரைக்காய் வைத்த ரொட்டியைத் தின்றபடி, ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுதான் அவருக்கு இரவு உணவு.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "இன்னைக்கும் கோரம் இல்லையாடி?" என்று கேட்பார். "கோரமாத்தான் இருந்துச்சும்மா" என்பேன். இரண்டு மொழி படித்ததில் எனக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஜனவரியின் கடைசிக் கூட்டம். கெடு முடிய இன்னும் ஒரே நாள். மோரீன் பாலத்தின் பேரைச் சொன்னதும் பிரௌட்டி தொப்பியை எடுத்தார். கதவு சாத்தப்பட்டது.

"இடைவேளை. கூட்டம் அஞ்சு நிமிஷத்துல வெளிய, வண்டி நிறுத்தற இடத்துல தொடரும். எல்லாரும் கோட்டைப் போட்டுக்கோங்க" என்றார் மோரீன்.

"எங்க?" என்றார் ரோஜர்.

"அவன் எங்க இருக்கானோ அங்க."

கதவில் அறிவிப்பை ஒட்டிவிட்டு வெளியே போனோம். மோரீன் ஓட்டுநர் பக்கம் நின்றார், ரோஜர் மறுபக்கம். நான் நோட்டைக் கையுறையால் பிடித்துக்கொண்டு வால்விளக்கு வெளிச்சத்தில் நின்றேன். ஊர்க்காரர்கள் பனியில் கால் மாற்றிக்கொண்டு சுற்றிலும் நின்றார்கள். பிரௌட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நடீன் வண்டிக்கு நேர் முன்னால் வந்து, எஞ்சின் மூடியின்மேல் காபிக் கோப்பையை வைத்தார்.

"என்ன வாத்தியாரே, ஹீட்டர் நல்லா வேலை செய்யுதா? போறதுன்னா என்மேல ஏத்திட்டுப் போ."

உள்ளே அவர் உதடு அசைந்தது. கண்ணாடி மூடியே இருந்தது.

"கூட்டம் தொடருது. ரோஜர், உன் தீர்மானம்?" என்றார் மோரீன்.

"பாலத்துக்கு மாநிலம் தர்ற உதவிய ஏத்துக்கணும்னு..." ரோஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "...அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவர்றேன்."

வண்டிக்குள் பிரௌட்டியின் தலை சட்டென்று திரும்பியது.

"நல்லது. நான் அதை ஃபிலிபஸ்டர் பண்ணி வழிமொழியறேன்," என்றார் மோரீன், மிகப் பொறுமையாக. ஃபிலிபஸ்டர் என்றால் விடாமல் பேசியே ஒரு தீர்மானத்தை நிறைவேறவிடாமல் இழுத்தடிப்பது; அதுவும் வெள்ளிக்கிழமைத் தேர்வில் வந்த சொல்தான்.

கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது. உள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. பல் மருத்துவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. தலைவர்ங்கிற முறையில, நிர்வாகத் துறையும் நீதித் துறையும் சேர்ந்து, இந்தத் தீர்மானத்தை இப்போ வீட்டோ பண்ணி நிறைவேத்தறேன்."

"ஒழுங்குப் பிரச்சினை!"

கண்ணாடி முழுவதும் இறங்கிவிட்டது. பிரௌட்டி இடுப்புவரை வெளியே நீண்டிருந்தார். முகம் பீட்ரூட்டாக இருந்தது. "வீட்டோ பண்ணி நிறைவேத்தறதா? வீட்டோன்னா தடுக்கறது! சட்டமன்றம் நிறைவேத்தினதை ஆட்சித் தலைவர் மறுக்கற அதிகாரம்! உனக்கு அன்னைக்கும் ஏறல, இன்னைக்கும் ஏறல! ஒழுங்குப் பிரச்சினை எழுப்பறேன், தீர்ப்பு சொல்லு!"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகம், மிஸ்டர் பிரௌட்டி. கூட்டத்துல விதி மீறுதுன்னு ஒழுங்குப் பிரச்சினைய யார் எழுப்பலாம்?"

"உறுப்பினர் மட்டும்தான்!"

"வீட்டுல படுத்திருக்கற உறுப்பினர்?"

"முட்டாள்தனமா கேக்காத. கூட்டத்துல கூடியிருக்கற உறுப்பினர்..."

அங்கே நிறுத்திக்கொண்டார். மெல்ல உடலை ஜன்னலுக்குள் இழுத்துக்கொண்டார்.

"உங்க ஒழுங்குப் பிரச்சினைய ஏத்துக்கறேன். நான் சொன்னது தப்பு. மூணு பேர் கூடியிருக்கோம், கோரம் இருக்கு" என்றார் மோரீன். பிறகு ரோஜரிடம் திரும்பி, தீர்மானத்தை ஒழுங்கான சொற்களில் முன்மொழியச் சொன்னார், தானும் ஒழுங்காக வழிமொழிந்தார். "ஆதரிக்கறவங்க?" இரண்டு கைகள். "எதிர்க்கறவங்க?"

பிரௌட்டி பேசாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் வாக்களிப்பது குடிமக்களின் கடமை என்று அத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய கை அது. ஜன்னலுக்கு வெளியே நீண்டு தானாக உயர்ந்தது. இரண்டுக்கு ஒன்று. நடீன் எஞ்சின் மூடியின்மேல் கவிழ்ந்து அழுதார். வண்டி சூடாக இருந்ததால் அது அவருக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஊரின் வழக்கறிஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். வாக்கெடுப்பு நிற்பதும் விழுவதும் என் குறிப்பைப் பொறுத்தது என்றார். பிரௌட்டி ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார் என்ற வரி இருக்கும்வரை அவர் கூட்டத்தில் இருந்தார், கோரம் உண்டு, பாலம் உண்டு. "நான் வண்டியில இருந்து சும்மா கத்தினேன், அது கூட்டத்துல சேராது, அந்த வரிய எடுங்கன்னு அவர் கேட்டா, விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். கெடு தாண்டிடும்" என்றார்.

அன்று மதியமே பிரௌட்டி அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. வரைவுக் குறிப்பைக் கேட்டு வாங்கி, மேசை ஓரத்தில் நின்றபடி படித்தார். அந்த வரிக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டார். விரல் அங்கேயே நின்றது. நான் பேனாவைக் கீழே வைத்தேன். நடீனின் கடையும், அக்கரையில் இருக்கிற அத்தனை வீடுகளும் அந்த விரலுக்குக் கீழே இருந்தன.

"'திரு. பிரௌட்டி ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார்'னு எழுதியிருக்க."

"ஆமாங்க."

"இப்படியே விட்டா, பின்னாடி படிக்கறவன் நான் ஏதோ தப்பா எழுப்பிட்டேன்னு நினைப்பான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் பார்த்தவரை அவர் யாரிடமும் தயவாகக் கேட்டதில்லை, அதனால் குரல் அவருக்கே பழக்கமில்லாமல் வந்தது. "'சரியான ஒழுங்குப் பிரச்சினை'ன்னு மாத்திடறியா, மிஸ் செல்வராஜ்? தயவுசெஞ்சு."