அடுப்பு என்பது தவறான விடை

என் அக்கா, வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சொல் ஒப்புமைப் பாடம் நடத்துகிறாள். "மருத்துவருக்கு மருத்துவமனை, ஆசிரியருக்கு என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர் கரும்பலகை என்று எழுதிவிடுவார்களாம். "முதல் ஜோடியை ஒரு வாக்கியமாச் சொல்லிப் பாருங்க. மருத்துவர் வேலை செய்யற இடம் மருத்துவமனை. அதே வாக்கியத்துல ஆசிரியரை வைங்க, பள்ளிக்கூடம்தான் வரும்" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவாள்.

அதே பயிற்சி மையத்தில் கணக்கு நடத்துபவர் அவள் கணவர். இருவரும் ஒரே பேருந்தில்தான் வீடு திரும்புகிறார்கள். அவர் நேரே நாற்காலிக்குப் போவார். இவள் செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குப் போவாள். ஊருக்கெல்லாம் விகிதம் நடத்துகிற மனுஷனுக்கு வீட்டு விகிதம் மட்டும் தெரியாதாம். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேற்று நான் போயிருந்தபோதும் அதே கதைதான். "பிள்ளை களைச்சுப்போய் வந்திருக்கான், டீ போடும்மா" என்றார் மாமியார். அக்கா நகரவில்லை.

"அத்தை, ஒரு கேள்வி. பாடம் நடத்திட்டு வந்த மகனுக்கு நாற்காலி. பாடம் நடத்திட்டு வந்த மருமகளுக்கு?"

"அடுப்பு" என்றார் மாமியார். யோசிக்கவே இல்லை. மகன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"என் வகுப்புலயும் இதே தப்பைத்தான் பண்றாங்க அத்தை. உறவைப் பாக்காம, பக்கத்துல பாத்துப் பழகின சொல்லை எடுத்துப் போட்டுடறாங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் அக்கா.

"அப்போ டீ?" என்றார் கணக்கு வாத்தியார்.

"அடுப்புக்குத்தான் இன்னும் ஜோடி சேரலை. நீங்க போய் நின்னு பாருங்க, பொருந்துதான்னு."