பெரகலை ஏற்றத்தில் கரைவலை

கச்சிமுகம்மதுவைக் கல்முனைக் கடற்கரையில் தெரியாதவர் இல்லை. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வருவார். வலையில் பட்ட மீனைப் பெட்டியில் ஏற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேற்கே வயல் ஊர்களுக்குப் போவார். பத்து வருஷமாக இதுதான் அவர் தொழில். பின்னால் மீன் பெட்டி, முன்னால் கச்சான் காற்று. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அந்தக் காற்று சுட்டுக்கொண்டு வரும்போது மற்றவர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். இவர் இறங்க மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பார்.

அப்படிப்பட்ட மனிசன் ஐம்பத்தைந்தாம் வருஷம் காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் விட்டது, கால் எழும்பவில்லை. நாலு மாதம் பாயோடு கிடந்தார். ஒரு வெள்ளிக்கிழமை நானும் மீராமுகைதீனும் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் இருத்தினோம். நாங்கள் ரெண்டு பேரும் கரையில் நின்று கயிற்றால் கரைவலை இழுக்கிறவர்கள். மீரா முன்னுக்கு நின்று இழுவைக்குத் தாளமாக அம்பாப் பாட்டுச் சொல்லுகிறவர், நான் பின்னுக்குக் கயிறு பிடிக்கிறவன். தொழுகை முடிந்ததும் கச்சிமுகம்மது கையை ஏந்தினார்.

"யா அல்லாஹ், இந்தக் காலைத் திருப்பித் தந்தாயெண்டா மலையில இரிக்கிற ஜெய்லானிப் பள்ளிக்குச் சைக்கிளில போவன். எந்த மலை வந்தாலும் இறங்கித் தள்ள மாட்டன்."

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பள்ளி முழுக்கக் கேட்கத்தான் சொன்னார்.

அல்ஹம்துலில்லாஹ், கால் வந்தது. அதற்குப் பிறகுதான் யோசனையும் வந்தது. எங்களில் யாருமே மலையைக் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் பாலத்தில் ஏறுகிற இடம்தான். மலையைக் கண்டவன் கிறகரி ஒருத்தன். கருவாட்டு லொறி ஓட்டி வாரம் ஒருக்கா மலைநாட்டுக்குப் போய் வருகிறவன். அவன் கேள்விப்பட்டதும் தலையில் கையை வைத்தான்.

"என்ன மச்சான் சொல்லிப்போட்டாய்? அந்த வழியில பெரகலை ஏத்தத்தில என்ட லொறியே அழும்."

"எத்தின மைல்?"

"வெல்லவாயவில இரிந்து ஒரு பதினெட்டு."

"கச்சானுக்குள்ள இருவது மைல் போறவன் நான்."

"கச்சான் பின்னேரம் அடங்கும். மலை அடங்காது."

பள்ளி லெப்பையிடம் போய்க் கேட்டோம். நேர்ச்சை நேர்ச்சைதான் என்றார். மெய்யாகவே ஏலாமல் போனால் மூன்று நோன்பு பிடித்தால் பரிகாரமாகும், இளைப்பாறலாம், தொழலாம், ஆனால் தள்ளினால் நேர்ச்சை போய்விடும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

ஐம்பத்தாறாம் வருஷம் புறப்பட்டோம். கச்சிமுகம்மது சைக்கிளில், நாங்கள் கிறகரியின் லொறியில். மீன் பெட்டியைக் கழற்றிவிட்டோம், வாடையைக் கழற்ற முடியவில்லை. மொனராகலையில் நாலைந்து நாய் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வந்தன.

"நேர்ச்சை ஊர்வலம் போகுது," என்றான் கிறகரி.

மூன்றாம் நாள் சுபஹு தொழுதுவிட்டு வெல்லவாயவில் ஏறத் தொடங்கினார். நாங்கள் ஒவ்வொரு வளைவிலும் லொறியை நிறுத்தி, இறங்கிக் கை தட்டி, அவர் எங்களைக் கடந்ததும் ஏறி அடுத்த வளைவுக்குப் போனோம். ரோட்டுக்குக் குறுக்கே அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாக வளைந்து வளைந்து ஏறினார். இளைத்தால் மதகில் காலை ஊன்றி நிற்பார். சைக்கிள் பின்னுக்கு உருளாமல் நான் சில்லுக்குக் கல் வைப்பேன். திரும்ப மிதிக்கிறபோது அந்த மதகையே உதைத்துப் புறப்படுவார்.

ஆனால் எங்களுக்கு வேறொரு கஷ்டம் வந்தது. முப்பது வருஷம் கடலில் ஆடி ஒரு நாளும் சத்தி எடுக்காத மீராமுகைதீன், தியலுமை அருவிக்குப் போகுமுன் நாலு தரம் சத்தி எடுத்துவிட்டார். எங்கள் ஊர் ரோட்டு நேர் ரோட்டு. இப்படி வளைவதை அவர் வயிறு கண்டதில்லை. கச்சிமுகம்மதுதான் சைக்கிளை நிறுத்தி, அருவித் தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தார்.

"நீ என்னைப் பாக்க வந்தாயா, நான் உன்னைப் பாக்க வந்தனா?"

"இந்த லொறியில இனி ஏற மாட்டன். நடந்து வாறன்."

"நடந்தா குமட்டல் அடங்குமா?"

"அம்பா சொன்னா அடங்கும்."

அப்படித்தான் அது தொடங்கியது. மீரா முன்னால் நடந்தபடி, தன் வயிற்றுக்காகப் பாடத் தொடங்கினார். ஓர் அடிக்கு ஓர் இழுவை. பின்னால் கச்சிமுகம்மதுவின் கால் தானாகவே அதற்கு மிதித்தது. நானும் இறங்கி நடந்தேன். என் கை சும்மா இருக்கவில்லை, இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டே போனது. கொஸ்லந்தையையும் அப்படியே தாண்டினோம், ஒரு பீலித் தண்ணீரில் கை கால் கழுவி ஒழுச் செய்து மத்தியான ளுஹரையும் தொழுதோம்.

உச்சிக்கு அரை மைல் இருக்கும்போது கச்சிமுகம்மது நின்றுவிட்டார். மதகில் குந்தினார். ரெண்டு கையாலும் முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தார். முகில் ரோட்டுக்கே இறங்கி வந்து எங்களை நனைத்தது. கிறகரி லொறியை மேலே விட்டுவிட்டு நடந்து வந்தான்.

"மச்சான், நான் பின்னால லேசா ஒரு கை குடுக்கிறன்."

"கையை எடு கிறகரி."

"சரி, நாங்க மூண்டு பேரும் கண்ணை மூடிக்கிறம். நீ தள்ளிக்கொண்டு போ. நாங்க பாக்கல்ல."

"நீங்க பாக்காட்டிப் போதுமா?"

கிறகரி பையிலிருந்த செபமாலையைத் தொட்டுக்கொண்டான்.

அவர் படுகிற பாட்டைப் பார்க்க, மூத்தவனான எனக்கு மனம் பொறுக்கவில்லை. "தம்பி, மூண்டு நோன்புதானே. நானும் உன்னோட சேந்து புடிக்கிறன்," என்றேன்.

"அது ஏலாமப் போனவனுக்கு, காக்கா. எனக்கு இன்னும் ஏலாமப் போகல்ல." மீரா பக்கம் திரும்பினார். "மீரா, மீன் நிறைஞ்ச வலை மடி கரைக்குக் கிட்ட வந்தா என்ன பாடுவாய்?"

"மடி வந்த நேரம் என்ன பாட்டு? மூச்சு மட்டுந்தான்."

"அதைச் சொல்லு."

அவர் சைக்கிளில் ஏறினார். நாங்கள் அவருக்கு முன்னால் ஒழுங்காக வரிசையில் நின்றோம். மீரா, நான், கிறகரி. மூன்று பேரும் கயிறு பிடிக்கிற மாதிரிக் கையை வைத்தோம். மீரா "ஹே... ஹும்" என்றார். இழுத்தோம். பின்னால் சில்லு உருண்டது.

தேயிலைக்குள் இருந்து ஏழெட்டுப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு ரோட்டுக்கு ஏறினார்கள். மூன்று ஆண்கள் வெறுங்கையை இழுத்துக்கொண்டு போவதைக் கண்டு நின்றுவிட்டார்கள். முன்னுக்கு நின்றவள் கேட்டாள்.

"என்னண்ணே இழுக்கிறீங்க? கயித்தக் காணோமே."

"கயிறு இரிக்கி தங்கச்சி. பிடிக்கத்தான் ஆள் காணாது," என்றான் கிறகரி. "கரைவலைக்கு ரெண்டு கயிறு. இந்தப் பக்கம் நாங்க. அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்ல."

"வலையில என்ன இருக்கு?"

"ஒரு கச்சிமுகம்மது."

அவள் குனிந்து, குறுக்கும் நெடுக்குமாக வந்துகொண்டிருந்த மனிசனைப் பார்த்தாள். அந்தச் சத்தத்தின்படி அவர் கால்கள் மிதிப்பதையும் பார்த்தாள். கூடையை முதுகில் இறுக்கிக்கொண்டு, "வாங்கடி, அந்தப் பக்கம் நம்ம கயிறு," என்றாள். மலையில் பிறந்த அந்தப் பிள்ளைகள் கடலைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் ரெண்டே இழுவையில் மீராவின் மூச்சுக்கு அவர்கள் கை சேர்ந்துவிட்டது. ஒருத்தி சிரித்துக்கொண்டு இழுத்தாள், ஒருத்தி உண்மையிலேயே பாரம் இருக்கிற மாதிரிப் பல்லைக் கடித்து இழுத்தாள். ரெண்டு கயிறும் ஒன்றாக வந்தது.

பின்னேர அசர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ரோட்டு மட்டமானது. கச்சிமுகம்மதுவுக்கு அது விளங்கவில்லை. மட்டத்திலும் ஏற்றத்துக்கு மிதிக்கிற மாதிரி மிதித்துக்கொண்டே போய், லொறியின் பின்பலகையில் முட்டித்தான் நின்றார். சைக்கிளைக் கிடத்திவிட்டு, முகில் ஈரத்தில், சரளைக் கல்லில் நெற்றியை வைத்து ஸுஜூது செய்தார். நெடுநேரம் எழும்பவில்லை. நாங்களும் எழுப்பவில்லை. கிறகரி தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எழும்பியதும் முதலில் சைக்கிளில் கட்டியிருந்த பொட்டணியை அவிழ்த்தார். மனைவி றஹீமா வழிச் சாப்பாட்டுக்கென்று வறுத்துக் கட்டிக் கொடுத்த கருவாடு அது. அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு ரெண்டு துண்டாகப் பங்கு வைத்தார்.

"ஐயோ, எங்களுக்கு எதுக்குங்க? நாங்க சும்மாதானே கைய ஆட்டினோம்."

"எங்கட கரையில கயித்தில கை வெச்ச ஆளைப் பங்கு குடுக்காம அனுப்ப மாட்டம், தங்கச்சி. இழுத்தியா இழுக்கல்லியா எண்டு கேக்கிறதும் இல்ல."

அவர்கள் முந்தானையில் முடிந்துகொண்டு, லயத்து வீடுகள் பக்கம் அம்பா சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்கள். "ஹே... ஹும்" என்ற சத்தம் முகிலுக்குள் கொஞ்ச நேரம் கேட்டது.

பொட்டணியில் இலை மட்டும்தான் மிச்சம். கடையில் வெறும் றொட்டி வாங்கி, தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றோம். ஜெய்லானிக்கு இனி இறக்கம்தான் அதிகம் என்று கிறகரி சொன்னதும் மீரா வயிற்றைப் பிடித்தார்.

"இறங்கவும் ஒரு நேர்ச்சை வெச்சிராத மச்சான். சரி, கருவாடு எங்க எண்டு றஹீமா கேட்டா என்ன சொல்லுவாய்?"

கச்சிமுகம்மது றொட்டியை மென்று விழுங்கினார்.

"வலை கரை சேந்தது, பங்கு போட்டாச்சி எண்டு சொல்லுவன்."