நாற்பது சரைக்கு ஒரு தாள்

என் மனைவி சீலாவின் தங்கை தேவகுமாரியிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். "பத்தேகால், ரெண்டு நிமிசம் கூடக் குறைய" என்பாள். கல்யாண வீட்டிலே எத்தனை பேர் என்றால், "இருநூறு, பத்துக் கூடக் குறைய." கறிக்கு எவ்வளவு உப்புப் போட்டாய் என்று கேட்டால் அதற்கும் ஒரு கூடக் குறைய. வட்டுக்கோட்டையில் அவளுக்குக் 'கூடக்குறைய ரீச்சர்' என்று பெயர். பெயரை வைத்தவன் நான்தான். வைக்காமல் என்ன செய்வது? ஒரே கூரையின் கீழ் இருந்து அதைக் கேட்டவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

அவள் படித்தது இரசாயனம். கொழும்பில் அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. பொலிஸ் பிடித்து அனுப்பும் கஞ்சா, ஹெரோயின் எல்லாவற்றையும் நிறுத்து, பரிசோதித்து, நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவாள். எந்தத் தராசும் முழு உண்மையைச் சொல்லாதாம். ஒவ்வொரு நிறைக்கும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஓர் எல்லை போடவேண்டுமாம். அங்கே பிடித்த பழக்கம்தான் எங்கள் குசினி வரைக்கும் வந்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் அவள் இருந்த வீட்டைக் கொழுத்தினார்கள். உடுத்த சேலையோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினாள். சில மாதத்தில் திரும்பிப் போக வெளிக்கிட்டாள். சீலா அழுது குளறினாள். "தராசு என்னக்கா செய்தது?" என்று கேட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டாள், பிடிவாதக்காரி. எண்பத்தைந்து தொடக்கத்தில் இனி ஏலாது என்று வேலையை விட்டுவிட்டு வந்து, பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கத் தொடங்கினாள். கல்யாணம் பேசினோம். பிடி கொடுக்கவில்லை. நாங்களும் விட்டுவிட்டோம்.

அந்த வருடம் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து நீதிமன்றத்திலிருந்து அவளுக்கு அழைப்பாணை வந்தது. நீர்வேலியிலிருந்து கொழும்புக்கு வாழைக்குலை ஏற்றும் லொறிச் சாரதி அருளம்பலம் என்பவனைப் பையோடு பிடித்திருந்தார்கள். பைக்குள் நாற்பது சிறிய சரை. கடையில் மிளகு மடித்துத் தருவார்களே, அந்த மாதிரி மடித்த காகிதச் சரை. உள்ளே ஹெரோயின். அதற்கு முதல் வருடம்தான் சட்டத்தை இறுக்கியிருந்தார்கள். இரண்டு கிராமோ அதற்கு மேலோ இருந்தால் தூக்கு, இல்லாவிட்டால் ஆயுள். குறைந்தால் சில வருடச் சிறையோடு போகும். கொழும்பு அறிக்கையில் இருந்தது இரண்டு கிராமும் அறுபது மில்லிகிராமும். கீழே கையொப்பம் வைத்தவள் எங்கள் தேவகுமாரி. ஊரிலேயே இருக்கிறாளே, வந்து சத்தியம் பண்ணி அறிக்கையை ஒப்புக்கொள்ளட்டும் என்று அரச தரப்பு அவளைச் சாட்சியாகக் கூப்பிட்டது. கால் மணித்தியால வேலை.

வழக்குக்கு ஒரு கிழமை இருக்க, அருளம்பலத்தின் மனைவி கமலாவதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளிலே ஒரு இதரை வாழைக்குலை. வாசல் படலையடியிலே இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ரீச்சர், அந்தாள் செய்தது பிழைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ரெண்டுக்குக் கொஞ்சம் குறைவு எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஒரு அரிசி நிறைக்காக உயிரை எடுக்கப் போறாங்கள்."

"நான் நிறுத்தது ரெண்டுக்கு மேலை இருந்தது. இல்லாததை என்னெண்டு சொல்லுறது? உந்தக் குலையை எடுத்துக்கொண்டு போங்கோ முதல்லை."

கமலாவதி அழுதுகொண்டே போனாள். குலையை எடுக்கவில்லை. தேவகுமாரிக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. "அத்தான், ஒருத்தரும் அதிலை கை வைக்கக் கூடாது" என்றாள். இதரைப்பழம் எனக்கு உயிர். நாளுக்கு நாள் அது மஞ்சளாகப் பழுத்து விறாந்தை எல்லாம் மணக்க, நான் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தேவகுமாரி சீனி வாங்க என்னுடைய கடைக்கு வந்தாள். கடை என்றால் கூட்டுறவுச் சங்கக் கடை, நான் மனேச்சர். சீனி வந்த நாளாதலால் சனம் வரிசையில் நின்றது. பழைய பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் ஒட்டிய பைகளில் நான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். பையின் நிறை சீனியில் சேரக்கூடாது என்பதற்காக, படிக்கல்லோடு ஒரு வெறும் பையையும் மற்றத் தட்டிலே போட்டு வைத்திருப்பேன். காலையில் போட்ட அந்த ஒற்றைப் பைதான் பின்னேரம் வரைக்கும். எல்லாச் சங்கக் கடையிலும் அப்படித்தான். அதில் என்ன களவு?

வரிசையில் வந்து, பங்கீட்டு அட்டையை நீட்டினவள், தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தான், இந்த ஒரு பைதானோ எல்லாருக்கும்?"

"வேறை என்ன, ஆளுக்கு ஒரு பை வைச்சு நிறுக்கிறதோ? விடியும்."

"மற்றப் பையெல்லாம் இதே நிறை எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"தேவா, பின்னாலை சனம் நிக்குது. சும்மா அலட்டாமல் சீனியை வாங்கிக்கொண்டு நட."

அவள் நடக்கவில்லை. முகம் வெளிறிப்போய், பக்கத்திலிருந்த சாக்கின்மேல் இருந்துவிட்டாள். வெயில்தான் காரணமாக்கும் என்று தண்ணீர் கொடுத்தேன். சனம் போய் முடிந்ததும் வெறும் பைகளை அள்ளிக்கொண்டு, நகைக் கடைக்காரர் ஒருவரின் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தாள். ஒன்று பாரம், ஒன்று இலேசு. பசை கூடப் பூசினது, தாள் தடிப்பானது, ஓரம் கிழிந்தது என்று ஒன்றுபோல் ஒன்று இல்லை.

அன்று பின்னேரம் எனக்கும் சீலாவுக்கும் விசயத்தைச் சொன்னாள். கொழும்பிலே அவளும் அதையேதான் செய்திருந்தாள். நாற்பது சரையையும் தாளோடு ஒன்றாக நிறுத்தாள். ஒன்றைப் பிரித்து அந்தத் தாளை மட்டும் நிறுத்தாள். அதை நாற்பதால் பெருக்கி, மொத்தத்திலிருந்து கழித்தாள். மிச்சம் ஹெரோயின். வேலை மலைபோல் குவிந்து கிடந்த காலம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். தராசின் பிழைக்கு மட்டும் கூடக் குறைய போட்டாள். தாளின் பிழைக்குப் போடவில்லை. ஒரு தாளிலே தூசியளவு வித்தியாசம், நாற்பது தாளிலே ஓர் ஆளைத் தூக்கக் காணும்.

"அந்தத் தூளை இப்ப திருப்பி நிறுத்தாப் போச்சு" என்றேன்.

"பாதி சோதனையிலை முடிஞ்சுது அத்தான், மிச்சத்தை நிறுத்து மொத்தம் சொல்ல ஏலாது. தாள் மட்டும்தான் முழுக்க இருக்குது."

சீலா பதறிவிட்டாள். "உனக்கென்ன விசரே? நீயாப் போய்ப் பிழை விட்டனான் எண்டு சொல்லப்போறியோ? பென்சன் போகும். பேர் போகும். கேட்டதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா."

நானும் அதைத்தான் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். கஞ்சாக்காரனுக்கும் தூள்காரனுக்கும் வக்காலத்து வாங்க எங்கள் குடும்பத்துக்கு என்ன வந்தது?

வழக்கன்று அவளைக் காரில் கூட்டிப் போனேன். பின் சீற்றிலே அந்த வாழைக்குலையும் வந்தது! சாட்சிக் கூட்டிலே ஏறிச் சத்தியம் செய்தவுடனே, "கனம் கோட்டார் அவர்களே, எதிரி அருளம்பலத்தின்ரை மனுசி எனக்கு ஒரு வாழைக்குலை கொண்டுவந்து தந்தவ. நான் சாப்பிடேல்லை. வெளியிலை காருக்குள்ளை இருக்குது" என்றாள். மன்று முழுக்கச் சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. நான் வெட்கத்திலே தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவள் தாளின் கதையைச் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. அரச தரப்பு வழக்கறிஞர் தன்னுடைய சாட்சியே தன் காலை வாருகிறாள் என்று கண்டு எழும்பினார்.

"அப்ப உங்கடை அறிக்கை பொய்யோ?"

"பொய் இல்லை. அதிலை சொன்ன அளவு நிச்சயம் எனக்கு அப்பவும் இல்லை. இல்லை எண்டதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது."

"இந்த மாதிரி ஒற்றைத் தாளை நிறுத்து எத்தனை வழக்குக்கு அறிக்கை குடுத்தனீங்கள்?"

"ஏழு."

கூடக் குறைய வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

தாள்களைத் திரும்ப நிறுக்கச் சொல்லி நீதிபதி கட்டளையிட்டார். வட்டுக்கோட்டைக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நல்ல தராசு இருந்தது. இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் வந்தார்கள். காற்று அடித்தால் தட்டு ஆடும் என்று விசிறியை நிறுத்தி, யன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொல்லிவிட்டாள். கறுப்புக் கோட்டோடு அவர்கள் வேர்த்து வழிய, கொப்பியிலிருந்து கையால் கிழித்த நாற்பது தாளையும் குறட்டால் பிடித்து ஒவ்வொன்றாக வைத்தாள். சில தாளில் பொடி ஒட்டியிருந்தது. கொழும்புக் காற்றிலே இருந்த ஈரம் வேறு, இங்கே வேறு. தாள் அதையும் குடிக்குமாம். அதற்கெல்லாம் ஒவ்வொரு கூடக் குறைய போட்டாள்.

திரும்பவும் கூட்டிலே ஏறியபோது நீதிபதி கேட்டார்: "இப்ப சொல்லுங்கோ. எவ்வளவு?"

"ரெண்டு கிராம். அதிலை நூறு மில்லிகிராம் கூடக் குறைய."

"ரெண்டுக்கு மேலையோ கீழையோ?"

"சொல்ல ஏலாது ஐயா."

அருளம்பலத்தின் வழக்கறிஞர் இராசநாயகம் துள்ளி எழும்பினார். "அப்ப ரெண்டுக்குக் குறைவாயும் இருக்கலாம்தானே? குறைவு எண்டே சொல்லலாமே!"

"அதையும் சொல்ல ஏலாது."

பின்னாலே கமலாவதியின் குரல் வெடித்தது. "குறைவு எண்டு சொல்ல உனக்கு ஒரு வாய் இல்லையோடி?" பொலிஸ்காரன் அவளை வெளியே கொண்டுபோனான். தேவகுமாரி கூட்டிலே நின்றபடி அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் அவள்மேல் பாவமாக இருந்தது. ஒரு சொல்லைச் சொன்னால் ஒரு பக்கம் சிரிக்கும், மற்றச் சொல்லைச் சொன்னால் மற்றப் பக்கம் சிரிக்கும். இரண்டையும் சொல்லாமல் நின்றாள்.

இரண்டு கிராம் என்று நிச்சயமாக நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி தீர்ப்பெழுதினார். சின்னக் குற்றத்துக்கு அருளம்பலத்துக்கு ஐந்து வருடம். வெளியே வந்து அவன் நீர்வேலியில் வாழை நட்டான். முதல் குலை எங்கள் படலைக்கு வந்தது. இந்த முறை தேவகுமாரி பள்ளிக்கூடத்தால் வருமுன்னே நான் அதை உள்ளே எடுத்துவிட்டேன்.

அருளம்பலத்தின் வழக்கு முடிந்ததே தவிர, இவளுக்கு முடியவில்லை. மிச்சம் ஆறு. அதில் ஐந்து, இரண்டு கிராமுக்குக் கிட்டவும் வராதவை, அல்லது எங்கேயோ மேலே போனவை. எந்தத் தாளை எப்படி நிறுத்தாலும் மாறாது. ஒன்று மட்டும் அந்தக் கோட்டிலேயே நின்றது. சிலாபத்து மீன் வியாபாரி, பெர்னாண்டோ என்று ஒரு சிங்கள மனுசன். அவளுடைய அறிக்கையால் அவனுக்கு ஆயுள் கிடைத்திருந்தது.

கொழும்புக்கு ரயில் ஏறினாள். முன்பு வேலை செய்த கந்தோரில், "இப்ப இதைக் கிளறினால் எல்லாருக்கும் கரைச்சல்" என்று சொல்லி அனுப்பினார்களாம். சிறை அதிகாரிகளைக் கண்டாள். ஒரு சட்டத்தரணியைப் பிடித்துச் சத்தியக் கடதாசி கொடுத்தாள். தாளும் பொடியும் வழக்கு முடிந்தவுடனே எரிக்கப்பட்டுவிட்டன; நிறுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. யோசிக்கிறோம் என்றார்கள். திரும்பவும் போனாள். "உன்ரை வீட்டைக் கொழுத்தினவங்களின்ரை ஆள்தானே, உனக்கேன்?" என்று சீலா ஒருநாள் கேட்டுவிட்டாள். தேவகுமாரி இரண்டு நாள் அக்காவோடு கதைக்கவில்லை. தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி, ரயிலும் நின்றது, பாதையும் பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு செஞ்சிலுவைக்காரர் யாராவது கொழும்புக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய், கடிதம் கொண்டுபோகச் சொல்லி அவர்களின் உயிரை எடுப்பாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில், ஆமி முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பியது உங்களுக்குத் தெரியும். விடிந்தபோது நாங்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டவில்லை. மழை. முன்னாலும் பின்னாலும் தலைகள். சீலாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான் உருட்ட, தேவகுமாரி பின்னால் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. பயந்துவிட்டாளாக்கும் என்று, வாயைக் கிண்டுவதற்காக ஒரு பகிடி விட்டேன்.

"என்ன ரீச்சர், இந்த றோட்டிலை எத்தனை லட்சம் சனம் நிக்கும்? கூடக் குறைய சொல்லு பாப்பம்."

அவள் சனத்தைப் பார்க்கவே இல்லை.

"அத்தான், கொழும்புக்குப் போற வழி இனி எப்ப திறக்கும்?"

"இப்ப அதுவே முக்கியம்? நாங்கள் உயிரோடை சாவகச்சேரி போய்ச் சேரட்டும்."

"பெர்னாண்டோ உள்ளுக்குப் போய்ப் பதினொரு வருசமும் அஞ்சு மாசமும்."

எனக்கு எரிச்சல் வந்தது. வாய் தன்பாட்டில் பழைய பகிடியைச் சொல்லிவிட்டது. "கூடக் குறையவோ?"

"இல்லை அத்தான்" என்றாள். "இதிலை கூடக் குறைய இல்லை."

நான் சைக்கிளை உருட்டினேன். பிறகு நான் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை.