கொட்டாங்கச்சியில் வாங்கிய நெருப்பு

"வெயில்ல காஞ்ச உடம்பு இது. லடாக் குளிர்ல பத்து நாளைக்கு மேல தாங்காது, பாத்துக்க" என்று கீழ்வேளூர் பேருந்து நிலையத்தில் பஜ்ஜியை மென்றபடி சொன்னார் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள், நர்சிங் முடித்து ஒரு மலைக் கிராம மருத்துவ நிலையத்துக்கு வேலைக்குப் புறப்படுகிறேன். அவரோ எனக்குக் கெடு வைக்கிறார்!

வாளித் தண்ணீர் அறைக்குள்ளேயே கல்லாகிவிடும் குளிர் அது. அங்கே நான் குடியிருந்த அறை நடுவில் ஒரு தகர அடுப்பு, அதிலிருந்து கூரைக்குப் போகும் புகைக்குழாய். முதல் நாள் மாலை, நீளமான விறகு ஒன்றை எடுத்து, எங்கள் வீட்டு வழக்கப்படி நுனியை மட்டும் உள்ளே செருகி, மிச்சத்தை வெளியே நீட்டி வைத்தேன். எரிய எரியத் தள்ளலாம், போதுமென்றால் இழுத்துவிடலாம் அல்லவா? அடுப்பின் கதவு மூடவில்லை. அறை முழுக்கப் புகை. ஊரே 'ஆமா-லே' என்று மரியாதையாக அழைக்கும் வீட்டுக்கார அம்மாள் இருமிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாதி உள்ள, பாதி வெளியவா? அடுப்ப எரிக்கிறியா, என் வீட்ட எரிக்கிறியா?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "காலைல தீ அணைஞ்சிருந்தா நீ கீழ டவுனுக்கே போயிடும்மா. உன்னத் தனியா விட எனக்கு பயமா இருக்கு."

பத்து நாள் இல்லை, ஒரே நாள்தான் கெடு! விறகு எடுக்க வெளியே போனேன். சுவரோரம் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும், "வறட்டி!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். யாரோ தட்டிய விரல் தடம்கூட அப்படியே இருந்தது.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, ஐப்பசி மழையில் விறகு ஊறி, தீப்பெட்டி நமுத்துக் கிடக்கும். அம்மா விடியும் முன்பே நடவுக்குப் போய்விடுவாள். அடுப்பு என் பொறுப்பு. அணைந்துவிட்டால், கொட்டாங்கச்சியில் சாம்பல் போட்டு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் 'கங்கு' கேட்டு நிற்க வேண்டும். "என்னங்க டீச்சரம்மா, படிக்கிற வீட்ல நெருப்பு இல்லீங்களா?" என்பாள் அந்த அக்கா. அதன் பிறகு கஞ்சி காய்ச்சிப் பள்ளிக்கு ஓடினால் மணி அடித்திருக்கும். மூன்றாம் முறை தாமதமானபோது அப்பா, "இதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? நாத்துப் பறிக்க வரட்டும்" என்றார். அன்று சாயங்காலமே தணல்மேல் முழு வறட்டி ஒன்றை வைத்துச் சாம்பலால் மூடினேன். மறுநாள் கிளறியபோது உள்ளே சிவப்பு! அந்த மழைக்காலம் முடியும்வரை நான் யாரிடமும் நெருப்பு கேட்கவில்லை. அப்பாவும் நாற்றைப் பற்றிப் பேசவில்லை.

லடாக்கிலும் அதையே செய்தேன், புகைக்குழாயைத் திறந்தே வைத்து. காலையில் ஆமா-லே வந்து சாம்பலைக் கிளறினார். சிவப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டீ போடு" என்றார்.

ஊரில் எங்கள் வீட்டில் இப்போது கேஸ் அடுப்பு. மண் அடுப்பு இருந்த மூலையில் மிக்சி உட்கார்ந்திருக்கிறது. அம்மாவின் இருமலும் போயிற்று, அதனால் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு குளிர்காலத்துக்கும் இங்கேயே இருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விறகை இந்தமுறை நானே அறுத்து அடுக்கியிருக்கிறேன், அடுப்புக்குள் அடங்கும் நீளத்துக்கு.