மிஷின்காரியின் ஈர வயல்

"கால் வச்சா முட்டி வரைக்கும் இறங்குது. இதுல மிஷினை எப்படிய்யா இறக்குறது? மேல இருந்து கசியுது கசியுதுன்னு எத்தனை தடவை சொல்றது? காது கேக்குற ஆளு ஒருத்தன்கூட இல்லையா இந்த ஊர்ல?"

அறுப்புக் காலம் தொடங்கிவிட்டால் மிஷின்காரியின் வாயில் வேறு பேச்சு கிடையாது. டீக்கடையில் இதுதான், உரக்கடையில் இதுதான். யாராவது வாய் தவறி "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டால், "எனக்கென்ன கேடு, என் வயலுக்குத்தான் சளி பிடிச்சிருக்கு" என்று அதிலிருந்தே ஆரம்பிப்பாள்.

ஊரில் ஒருத்தரும் இதை நம்பியதில்லை. நம்பாததற்குக் காரணம் அவள் பெயரிலேயே இருந்தது. மிஷின்காரி என்றால் மிஷின் வைத்திருப்பவள் இல்லை. மிஷினோடு போனவள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம், அறுவடை மிஷின் ஓட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து ஒருத்தன் வந்தான். ஊருக்குள் நுழையும்போது ஒரு நீள ஹார்ன், இரண்டு குட்டி ஹார்ன் அடிப்பான். ஊர் முழுக்க அறுத்து முடித்து அந்த மிஷின் மேட்டுச் சாலை ஏறியபோது, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போகிறவள் மாதிரி ஒளிந்தும் உட்காரவில்லை. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துக் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனாள். அந்தக் கையாட்டலைத்தான் ஊர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அவளைக் கட்டியவன் மடைக்காரன். வாய்க்கால் மதகைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பது அவன் வேலை. தண்ணீரைத் தவிர வேறு எதையும் அவனுக்குத் திருப்பிவிடத் தெரியாது. வாக்குவாதம் வந்தால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்துவிடுவான். அவள் போன அன்றும் அப்படித்தான் நடந்தான்.

சில அறுப்புகள் கழித்து அவள் ஒரு பையோடு தனியாக நடந்து வந்தாள். அம்மா வழியில் அவளுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. வாய்க்காலின் கடைசி, எல்லா வயலுக்கும் பள்ளத்தில் உள்ளது. அதன் ஓரத்து மோட்டார் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி அங்கேயே அடுப்பு வைத்தாள்.

"டிரைவர் எங்கே?" என்று கேட்டவர்களுக்கு, "அடுத்த அறுப்புக்கு வருவாரு" என்றாள்.

அடுத்த அறுப்புக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் வெளியூர் மிஷின்கள் எல்லாம் வந்து போகும்வரை அவள் தன் கதிரில் கை வைக்க விடமாட்டாள். ஈரம் என்பாள். ஈரத்திலும் இறங்கும் பெல்ட் வண்டி இருக்கிறதே என்றால், "அது மண்ணைப் பிசைஞ்சு சேறாக்கிடும், அப்புறம் நீ வந்து உன் முதுகால சமன் பண்ணுவியா?" என்பாள். கடைசி மிஷினும் சாலை ஏறி மறைந்த பிறகுதான் ஆள் வைத்துக் கையால் அறுப்பாள். அதற்குள் ஈரம் வற்றி, மணி பாதி உதிர்ந்து, மீதியைக் குருவி தின்றிருக்கும்.

அவள் நஷ்டம் அவளோடு போகட்டும் என்று ஊரால் விட முடியவில்லை. கடைசி வயல் அறுபடாமல் மதகைத் திறக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். திறந்தால் நிற்கிற கதிர் மூழ்கிவிடும். அவள் ஒருத்தி அறுக்காததால் அத்தனை பேரும் நாற்று விட முடியாமல் காய்ந்த வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"எங்கண்ணன் வீட்ல மகாராணி மாதிரி வச்சிருந்தோம்," என்று மடைக்காரனின் தங்கை கொடியில் துணியைப் போடும்போதெல்லாம் உதறி உதறிச் சொல்வாள். "இப்பப் பாரு, ஊரையே வாசல்ல நிறுத்தி வச்சிருக்கா. நான் மட்டும் ஆம்பளையா இருந்தா..."

"இருந்தா என்ன நாத்தனாரே, நீங்களும் மிஷின் ஓட்டப் போயிருப்பீங்க!" என்று வயலில் இருந்தே மிஷின்காரியின் குரல் வரும். தங்கை அன்றைக்கு மீதித் துணியை ஈரத்தோடு மடித்து வைத்துவிடுவாள்.

ஊருக்குத் தெரியாத ஒன்று மடைக்காரனுக்குத் தெரியும். அவள் புகார் பொய் இல்லை. வயல் நிஜமாகவே ஈரம். அவள் வயலுக்குப் போகும் சின்ன மடையின் பலகையை முழுக்க இறக்காமல் ஒரு விரல் இடம் விட்டு வைத்தது அவன்தான். வாய்க்காலில் தேங்கிக் கிடக்கும் கடைசித் தண்ணீர் அந்த இடுக்கில் சத்தமில்லாமல் இறங்கும்.

ஏனென்றால் ஈரம் இருந்தால்தான் அவள் அறுக்கமாட்டாள். அவள் அறுக்காவிட்டால்தான் மடைக்காரன் என்ற முறையில் அவன் அந்த வரப்புக்குப் போய் நிற்க முடியும்.

"எப்ப அறுக்கப் போற?"

"யோவ், கசியுதுன்னு சொல்றேன்ல? மடைக்காரன்னு பேரு மட்டும் வச்சிருக்கியே, உன் மடையைப் போய்ப் பாரு."

"பாக்குறேன்."

"போன வருஷமும் இதையேதான்யா சொன்ன."

அவ்வளவுதான் பேச்சு. குடும்பம் நடத்தியபோது 'நீங்க', 'வாங்க' என்றவள் இப்போது 'யோவ்' என்கிறாள். அந்த 'யோவ்' அவனுக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் இறைத்து, சமைத்து, தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது, அதை அவள் எப்படிச் சொன்னாள், கோபமாகவா, கோபம் மாதிரியா என்று யோசிப்பான். அவள் அந்தக் கொட்டகையிலிருந்து எழுந்து தன் வீட்டுக்கு வர வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதை மட்டும் அவன் வாயால் கேட்டதில்லை.

ஒரு வருஷம் ஊர் பொறுமை இழந்தது. மிஷின் புரோக்கர் ஒரு யோசனை சொன்னான். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுகிற ஆள். மிஷின்காரி மாதிரி இடுப்பில் கை வைத்து, "முட்டி வரைக்கும் இறங்குது!" என்று அவன் கத்தினால் டீக்கடைப் பெஞ்சே ஆடும்.

"ஈரமாவது மண்ணாவது! அவ காத்திருக்கிறது அந்த ஹார்னுக்கு," என்றான் புரோக்கர். "பழைய டயர் வண்டி ஒண்ணு பிடிச்சிருக்கேன். ஓட்டுற பையன்கிட்ட அந்த ஹார்னைச் சொல்லிக் கொடுத்துட்டேன். அவளே ஓடி வந்து 'அறுங்க'ன்னு சொல்லுவா, பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மடைக்காரன் மட்டும் அந்த வயலை நினைத்தான். பெல்ட் வண்டி என்றால் எப்படியோ தப்பிக்கும். டயர் வண்டி அந்த வயலில் இறங்கினால் புதையும். "இறக்காதீங்க" என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். அவன் டம்ளரை வைத்துவிட்டு வழக்கம்போல மண்வெட்டியைத் தேடினான்.

மறுநாள் காலை மேட்டுச் சாலையில் ஒரு நீள ஹார்ன் கேட்டது. பிறகு இரண்டு குட்டி ஹார்ன்.

மடைக்காரன் வரப்பில் நின்றிருந்தான். கொட்டகைக் கதவு திறந்தது. அவள் பெட்டியிலிருந்து எடுத்த நல்ல துணி கட்டியிருந்தாள், மடிப்பு இன்னும் கலையவில்லை. தலையை ஈரக் கையால் அவசரமாகத் தடவியிருந்தாள். அவள் முகத்தை அவன் பார்த்தான். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அவனுக்குக் கிடைத்ததில்லை. இப்படியும் ஒரு முகம் அவளுக்கு உண்டு என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மிஷின் நெருங்கியது. மேலே மீசை அரும்பிய ஒரு பையன். பின்னால் புரோக்கர், அவனுக்குப் பின்னால் பாதி ஊர்.

அவள் முகம் மெல்ல மூடிக்கொண்டது. யாரும் எதிர்பார்த்தபடி அவள் கத்தவில்லை.

"இறக்கு தம்பி," என்றாள். "ஊரே ஆசைப்படுது."

பையன் இறக்கினான். மிஷின் நாலு ஆள் நீளம் அறுத்தது. அப்புறம் முன் சக்கரம் மெதுவாக, மரியாதையாக, அச்சு வரைக்கும் உள்ளே போனது. பையன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புரோக்கரின் வெள்ளைச் சட்டையில் சேறு தெறித்தது.

"நெஜமாவே ஈரமாய்யா?" என்று புரோக்கர் தன் சொந்தக் குரலில் கேட்டான்.

டிராக்டர் கட்டி இழுத்தும் மிஷின் அசையவில்லை. சுற்றி நிற்கும் கதிரை அறுத்து, வைக்கோலைச் சக்கரத்துக்கு அடியில் போட்டால்தான் பிடி கிடைக்கும் என்றார்கள். ஆளுக்கொரு வேலை சொல்லி ஊர் கலைந்தது. மடைக்காரன் முதலில் வாய்க்காலுக்குப் போனான். பலகையை அடி வரைக்கும் அடித்து இறக்கினான். பிறகு அரிவாளோடு வந்து வயலில் இறங்கினான்.

அவள் ஏற்கெனவே அறுத்துக்கொண்டிருந்தாள், அதே நல்ல துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் குனிந்தார்கள். வெயில் ஏறியது. ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது அவன் சொன்னான்.

"ஈரம் என்னாலதான். பலகையை நான்தான் முழுசா இறக்கலை."

"ம்."

"தெரியுமா?"

"எனக்கும் கண்ணு இருக்குல்ல."

அவன் இன்னும் கொஞ்சம் அறுத்தான். அந்தக் காலை முழுக்க நெஞ்சில் நின்ற அந்த முகத்தை விரட்ட முடியவில்லை. நிமிராமலே கேட்டான்.

"இன்னைக்கு நிஜமாவே அவன் வந்திருந்தா, போயிருப்பியா?"

அதற்கடுத்த அறுப்புக்கு அவள் இல்லை. மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று அந்தக் கொட்டகையிலேயே அவளைக் கொண்டுபோய்விட்டது. நடுவில் அவர்கள் பேசிக்கொள்ளவும் இல்லை. மதகு திறந்திருந்தது, வரப்புக்கு வர அவனுக்குச் சாக்கு இல்லை. ஆகவே அவன் காதில் அவள் கடைசியாகப் போட்டது அன்றைய பதில்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, அரிவாள் முனையால் அவனைக் காட்டிச் சொன்னாள்:

"போயிருப்பியான்னா கேக்குற? அட போய்யா! ஒருதடவை போனவளுக்குப் போகத் தெரியாதா? அவன் வந்தா ரெண்டு அறை விட்டு, 'ஏன்டா என்னைப் பாதி ரோட்டுல இறக்கி விட்ட'ன்னு கேக்கத்தான் இத்தனை வருஷம் நின்னேன். கேக்குறதுக்கு எனக்காவது ஒரு கேள்வி இருந்துச்சு. நீயும்தான் நின்ன. 'ஏன்டி போன'ன்னு ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டிருந்தீங்கன்னா, அதைச் சொல்லி முடிக்க எனக்கு ரெண்டு அறுப்பு ஆயிருக்கும். சொல்லிக்கிட்டே பின்னாலயே நடந்து வீட்டுக்குள்ள வந்திருப்பேங்க."