குழை வைத்த பெட்டி

ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். என் அண்ணாவுக்கு மட்டும் அந்தப் பழமொழியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

சண்டைக் காலத்தில் நாயாற்றுக்கு மேற்கே ஒரு காட்டுக்கரையில் கொட்டில் போட்டு இருந்தோம். காட்டுக்கு அந்தப் பக்கம், இயக்கப் போராளிகள் சுற்றி வளைத்திருந்த ஒரு இராணுவ முகாம். பாதை இல்லாததால் சாப்பாட்டுப் பெட்டிகளை விமானத்திலிருந்து பரசூட்டில் போடுவார்கள். அண்ணாவின் மனைவியான என் மச்சாளுக்கு மலேரியா வந்து பால் வற்றிப்போயிருந்தது. அவர்களுடைய மகள் தவழத் தொடங்கியிருந்தாள். கஞ்சித் தண்ணீரைக் கொடுத்தால் வாயை இறுக மூடிக்கொள்வாள்.

ஒரு காலை பலத்த காற்று. ஒரு பரசூட் முகாமைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழுந்தது.

“பால்மா இருக்கும். ரண்டு பகுதியும் தேடி வரமுன்னம் போவம், வா” என்றார் அண்ணா. ஓடினோம்.

பாலை மரத்தில் துணி சிக்கிக் கிடந்தது. கீழே பெட்டி, வெடித்த வாயோடு. உள்ளே பால்மா அடைத்த தகரப் பேணிகள் தெரிந்தன. நான் கையை நீட்டினேன்.

“தொடாதை!”

கண்ணிவெடியாக்கும் என்று உறைந்துபோனேன். அண்ணா காட்டியது பெட்டியின் மேல் கிடந்த பச்சைக் குழையை, இலையோடு முறித்த ஒரு சிறு கொப்பை. எங்கள் பக்கத்தில் தேன் மரத்தை முதலில் கண்டவர் ஒரு குழை முறித்து அடியில் வைத்துவிட்டுப் போவார். பிறகு அது அவருடையது, வேறு யாரும் தொடமாட்டார்கள்.

“விசரோ அண்ணை? இது தேனோ?”

“ஆரோ கண்டு வைச்சிட்டுப் போயிருக்கினம்.”

“ஆபத்துக்குப் பாவமில்லை.”

“பாவமில்லைத்தான். மரியாதையும் இல்லையோ? வரட்டும், கேட்டு எடுப்பம்.”

சொல்லிவிட்டு வேரில் குந்திவிட்டார். தூரத்தில் ஷெல் விழுகிறது, வீட்டில் பிள்ளை கத்துகிறது, இந்த மனுசன் குழைக்குக் காவல்! எனக்குத் தெரிந்த ஏச்செல்லாம் ஏசினேன். “ம்” என்றார்.

கடைசியில் சாக்கோடு ஒரு அம்மா வந்தார். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்.

“யாருப்பா? ஏன் சும்மா குந்திக்கிட்டு இருக்கீங்க?”

“நீங்கள் குழை வைச்சிருக்கிறியள் அக்கா. பிறகு எப்பிடித் தொடுறது?”

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஒங்க ஊராளுங்க செய்யிறதப் பாத்துத்தான் நானும் வச்சேன். இந்தக் காலத்துல யாரு மதிக்கப்போறான்னு நெனச்சுக்கிட்டே வச்சேன் சாமி!”

பிள்ளையின் விசயத்தை நான் சொன்னதும் சிரிப்பு நின்றது. பால்மாப் பேணிகள் எல்லாவற்றையும் அந்தச் சாக்குக்குள் போட்டு என்னிடம் நீட்டினார்.

“உங்களுக்கு, அக்கா?” என்றார் அண்ணா.

“எங்களுக்குப் பாலில்லாத பிளேன்டீ போதும். அந்தத் துணிய மட்டும் எறக்கிக் குடுங்க, கூரை ஒழுகுது.”

அண்ணா மரமேறி இறக்கிக் கொடுத்தார்.

கொட்டிலில் நான் பால் கரைக்கும்போதே நடந்ததைச் சொல்லிவிட்டேன். மச்சாள் பிள்ளைக்குக் கரண்டியால் பருக்கிக்கொண்டே தொடங்கினார்.

“பிள்ளை இங்க துடிக்க, நீங்கள் குழையைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ? உங்களைக் கட்டினதுக்கு ஒரு பாலை மரத்தைக் கட்டியிருக்கலாம்!”

“ம்” என்றார் அண்ணா.

ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு ஏச்சு விழுந்தது. பிள்ளை கோப்பையை முடித்து, பெரிய மனுசர் மாதிரி வயிறு நிறைந்த ஏவறை ஒன்று விட்டாள். அதன் பிறகுதான் மச்சாள் ஏசுவதை நிறுத்திவிட்டு, அண்ணாவின் தோளில் முகத்தை வைத்து அழுதார்.